வெட்டாமல் விட்ட தோட்டம்

பனி வரப்போகிறது என்று சொல்வதற்கு இந்த ஊர்த் தொலைக்காட்சிகளிடம் ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது: அச்சுறுத்தும் குரல். புதன்கிழமை முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெளியே போகாதீர்கள், பாண் வாங்கி வையுங்கள், உப்பு வாங்கி வையுங்கள். மாலையில் நான் போனபோது கடையில் பாண் தட்டு காலி. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வழக்கம்போல 1999ஐத் தொடங்கினார். அந்த ஜனவரியில் பனி அள்ளுவதற்கு மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட கதை ரொறன்ரோத் தமிழருக்கு மனப்பாடம். அள்ளித் தள்ளிக் கரைத்து முடிக்கவேண்டிய ஒரு தொல்லை என்பதற்கு மேல் இந்த நகரம் பனியைப் பற்றி எதுவும் யோசிப்பதில்லை. அதைக் கரைக்க வீதியில் கொட்டும் உப்பு என்ன செய்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. வீதியோரச் சீடர் வேலிகள் வீதிப்பக்கம் மட்டும் பழுப்பாகி நிற்பதை நீங்களே பாருங்கள்.

நகரசபை பனி அகற்றும் ஒழுங்கைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத இருந்தேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். வியாழன் காலை பின்கதவைத் திறந்ததும் அந்த விஷயத்தில் எனக்கு அக்கறை போய்விட்டது.

காற்று ஓய்ந்திருந்தது. எக்கினேசியாவின் காய்ந்த பூத்தலைகள் ஒவ்வொன்றிலும் பனி உருண்டு குந்தியிருந்தது. ஒரு தலைகூடச் சரியவில்லை. செந்தண்டு டொக்வுட் பற்றை கோடை முழுவதும் யார் கண்ணிலும் படாத சாதாரணப் பச்சை. இப்போது இலை உதிர்ந்து, பின்னால் வெள்ளை விரிந்து, வளவிலேயே அதைவிடச் சிவப்பான பொருள் வேறில்லை. பிறகு அதனிலும் சிவப்பான கார்டினல் பறவை வந்து உட்கார்ந்தது, அந்தப் பேச்சும் முடிந்தது. பாகல் பந்தலில் கொடியை அப்படியே விட்டிருந்தேன். அது காய்ந்து முறுகி, கம்பியைப் பிடித்த சுருள் ஒவ்வொன்றிலும் பனி ஏந்தி நிற்கிறது. பாகற்காய் தொங்கிய நாளில் அந்தப் பந்தலை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பந்தலின் அடியில் ஜுங்கோக் குருவிகள் விழுந்த விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமான இந்தச் சின்னப் பறவைகள் எங்கள் குளிர்காலத்துக்கென்றே வடக்கிலிருந்து இறங்கி வருகின்றன. எங்கள் குளிர் அவற்றுக்குத் தெற்கு!

இந்த அழகு பனி தானாகக் கொடுத்ததல்ல. பனி வந்து உட்காருவதற்கு ஏதாவது நிற்கவேண்டும். வேலிக்கு அப்பால் நிலத்தோடு ஒட்ட வெட்டித் துடைத்த வளவுகளிலும் அதே அளவு பனிதான் கொட்டியது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒக்டோபரில் பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு மேலால் கேட்டது இது: “என்ன அண்ணை, ஒண்டும் வெட்டாமல் விட்டிருக்கிறியள்? ஒரே பத்தையாய்க் கிடக்கு.” அக்கறையோடு கேட்ட கேள்வி அது. தோட்டத்தைத் துப்புரவாக வைத்திருப்பது எங்கள் ஆட்களுக்கு மானப்பிரச்சினை. காலையில் எழுந்து முற்றம் கூட்டிய கைகள் அல்லவா? ஆனாலும் இலையுதிர்காலம் தோறும் வீதியோரத்தில் வரிசையாக நிற்கும் பழுப்புக் கடதாசிப் பைகளைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பைகளுக்குள் போவது குப்பை மட்டுமல்ல. பெருஞ்சீரகச் செடியில் பச்சையும் கறுப்பும் வரியோடிய புழுவைப் பலர் கண்டிருப்பீர்கள். கறுப்பு வாலிறகு வண்ணத்துப்பூச்சியின் புழு அது. இலையுதிர்காலத்தில் அது கூட்டுப்புழுவாகி, ஒரு பட்டு இழையால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொண்டு, வசந்தம் வரை அசையாமல் இருக்கும். கோல்டன்ரொட் தண்டின் நடுவே உருண்டையாக ஒரு வீக்கம் தெரிந்தால் அதற்குள்ளும் ஒரு புழு. இதன் உடலில் கிளிசரோல் சேருகிறது. அதனால் உடல் நீர் உறைந்தாலும் கலங்கள் உடைவதில்லை. மரங்கொத்திக்கு இந்த வீக்கம் நன்றாகத் தெரியும், கொத்தி எடுத்துத் தின்னும். தண்டை வெட்டிப் பையில் போட்டால் புழுவும் இல்லை, அதைத் தேடி வரும் பறவையும் இல்லை.

இந்த இடத்தில் சாப்பெக்கைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். காரெல் சாப்பெக் செக் நாட்டு எழுத்தாளர். 1920இல் எழுதிய நாடகத்தின் மூலம் ‘ரோபோ’வை உலகத்துக்குக் கொடுத்தவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் பிராக் நகரில் வினோஹ்ராடி என்ற பகுதியில், வீட்டோடு ஒட்டிய தோட்டத்தில் குனிந்து நின்ற மனிதர். 1929இல் வந்த அவருடைய ‘தோட்டக்காரனின் ஆண்டு’ மாதம் மாதமாகப் போகும் மெல்லிய புத்தகம். ஜனவரி அத்தியாயத்தில் பனி இல்லாத வெறுங்குளிர் வந்துவிடுகிறது. தோட்டக்காரன் தவித்து, தன் சட்டையை ஒரு செடிக்கும் காற்சட்டையை இன்னொரு செடிக்கும் போர்த்திவிடக்கூட ஆயத்தமாகிறான். சிரிப்பு வரும், ஆனால் அவன் பயம் மெய்யானது. பனி விழுந்தால்தான் அவனுக்கு நித்திரை. புத்தகத்தின் பின்பகுதியில் அவர் சொல்வதைத்தான் நான் எத்தனையோ பேருக்கு ஒப்பித்திருக்கிறேன்: அடுத்த வசந்தத்தின் மொட்டுகள் இலையுதிர்காலத்திலேயே அமைந்துவிடுகின்றன, நாம் ஓய்வு என்று நினைக்கும் காலத்தில் மண்ணுக்கடியில் வேலை நடக்கிறது. அந்தப் புத்தகத்தின் படங்களை வரைந்தவர் அவருடைய அண்ணன் யோசெப். காரெல் 1938 நத்தார் தினத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு நாஜிகள் யோசெப்பைப் பிடித்தார்கள். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமில் அவர் வாழ்க்கை முடிந்தது. அந்தத் தோட்டக்காரனின் குனிந்த முதுகை வரைந்த கை அது என்று நினைக்காமல் என்னால் பக்கம் புரட்ட முடிவதில்லை.

சாப்பெக்கின் தோட்டக்காரன் பனிக்கு ஏங்கியது சரியே. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுத்தான். ஆகவே அது கம்பளிபோலச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முழங்கால் அளவு பனி விழுந்தால், மேலே வெப்பநிலை மைனஸ் இருபது பாகைக்குப் போனாலும் மண்ணை ஒட்டிய இடத்தில் அது பூச்சியத்தை அண்டியே நிற்கும். மண்ணுக்கும் பனிக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் வயல் எலிகள் சுரங்கம் ஓட்டித் திரிகின்றன. பனி கரையும்போது அவற்றின் பாதைகள் புல்லில் தெரியவரும். ஒக்டோபரில் நட்ட என் உள்ளியும் அங்கேதான் இருக்கிறது. நல்ல குளிர் படாத உள்ளி பல்லுப் பல்லாகப் பிரியாது, ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். எங்கள் ரசத்துக்கு வரும் உள்ளிக்கு இந்தக் குளிரும் பனியும் வேண்டியிருக்கின்றன.

செடியின் காய்ந்த வடிவத்தையும் பூவுக்குச் சமமாக மதித்துத் தோட்டம் அமைப்பவர் நெதர்லாந்தின் பீட் ஊடோல்ஃப். அவர் வடிவமைத்த நடைபாதைத் தோட்டம் ஒன்று 2006 முதல் ரொறன்ரோ தாவரவியல் தோட்டத்தின் வாசலில், லோரன்ஸ் வீதியும் லெஸ்லி வீதியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. பிள்ளைகளை யூனில் கூட்டிப்போகிறவர்கள் பெப்ரவரியிலும் ஒருமுறை கூட்டிப்போகவேண்டும்.

ஒரு வேண்டுகோள். மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்காக மில்க்வீட் விதை கேட்டு எழுதியவர்கள் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் ஊர் எருக்கலையின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் விதை ஈரமும் குளிருமாக ஒரு மாதமாவது கிடந்தால்தான் நன்றாக முளைக்கும். அடியில் ஓட்டை உள்ள சாடியில் மண் போட்டு, விதையைத் தூவி மெல்ல அமர்த்தி, இந்தக் கிழமையே வெளியே பனியில் வைத்துவிடுங்கள். நிற்கும் காய்ந்த தண்டுகளை மே மாதம் வரை தொடாதீர்கள்.