தாயை விற்றார், சேயை?

வானம் வசதி படைத்தோர்க்கு மட்டுமோ? வடகிழக்கு மலைகளில் வாழ்வோர் மாந்தர் அல்லரோ? அந்தக் கேள்விக்கு விடையாக, ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் சேர்ந்து 1981-இல் வாயுதூத்தைப் பெற்றன. சிற்றூர்களுக்குச் சிறகு தந்தது அது. நட்டம் என்றனர்; 1993-இல் இந்தியன் ஏர்லைன்சிலேயே கரைத்தனர்.

1996-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் மறுபிள்ளை பெற்றது: அலையன்ஸ் ஏர். 2007-இல் தாய் நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தது. 2017 ஏப்ரல் 27-இல் சிம்லாவில் பிரதமர் கொடியசைக்க, உடான் திட்டத்தின் முதல் விமானமாய்ப் பறந்தது இந்தப் பிள்ளையே! 2022 ஜனவரி 27-இல் தாயை டாட்டாவிடம் தந்தனர். சேயை அரசே வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டது சரி, வளர்க்கும் வழி என்ன?

உடான் உதவித்தொகை ஒரு வழித்தடத்துக்கு மூன்றாண்டு. மூன்றாண்டில் மலை தாழ்ந்துவிடுமா? முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவேயில்லை என்று 2023-இல் தணிக்கைத் துறை உரைத்ததே, செவியில் விழுந்ததா?

அஞ்சற்காரர் குன்றேறிக் கடிதம் தருகிறார். அதில் ஆதாயமா தேடினோம்? கடமை என்றோம். இதுவும் கடமையெனில், காலக்கெடுவின்றிக் காசு கொடுங்கள். வணிகமெனில், வாய்திறந்து அதைச் சொல்லுங்கள். கொடி அசைக்க ஒரு நாள் போதும், தோழர்களே! குன்றத்து மக்களுக்கோ நாள்தோறும் விமானம் வேண்டும்!