கல்விப்புலம் என்னும் வசைச்சொல்

நம் சிற்றிதழ்ச் சூழலில் ஒரு நூலைப் படிக்காமலே தள்ளிவிட எளிய வழி ஒன்றுண்டு. 'கல்விப்புல எழுத்து' என்று சொல்லிவிட்டால் போதும். உயிரற்றது, மேற்கோள்களின் தோரணம், வாசகனுக்கு வேண்டாதது என்று பொருளாகிவிடும். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இது உறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் என் சண்டை அந்தச் சொல்லாட்சியின் பிழையோடுதான்.

புலம் என்றால் வயல், இடம், அறிவு. புலன், புலமை, புலவர் எல்லாம் அதன் சுற்றம். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளில் ஒன்றின் பெயரே புலன். மக்கள் வழக்கிலுள்ள மொழியில், துருவித் தேடாமலே பொருள் விளங்குமாறு அமைந்த செய்யுளை அது குறிக்கிறது. தெளிவைக் குறித்த சொல்லின் சுற்றத்தையா நாம் இருண்மைக்குப் பெயராக்கினோம்?

1887இல், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வந்தது. முன்னவர் பல்கலைக்கழகம் ஏறாதவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பின்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். இருவரையும் இணைத்தது பட்டம் அன்று. ஏட்டோடு ஏடு ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பொறுமை. கல்விப்புலம் என்பது அதுதான். சங்கக் கவிதையில் திளைத்தவாறே கல்விப்புலத்தை இகழும் நண்பர், தம் கையிலுள்ள நூல் எவ்வழி வந்ததென்று ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

எங்கள் தரப்பு தூயது என்று வாதிட நான் வரவில்லை. 'இன்னாரின் நாவல்களில் சமுதாயச் சிக்கல்கள்' என்றொரு தலைப்பு. பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு ஆயத்தம். கட்டுரைகளையும் கருத்தரங்குகளையும் புள்ளிகளாக எண்ணும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்தது. அதன்பின், கட்டணம் கட்டினால் கட்டுரை அச்சேறும் கருத்தரங்கத் தொகுதிகளும் பெருகின. அவற்றில் நானும் இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மறுமுறை எடுத்துப் படிக்கத் துணிந்ததில்லை. அவற்றைத் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் அவற்றின் பெயர் பதவி உயர்வுக் கட்டுரை.

இரண்டையும் ஒரே சொல்லால் அடிப்பதில் போலி ஆய்வாளருக்கு நட்டமில்லை. அவருக்குப் புள்ளி வந்துவிடும். நட்டமெல்லாம் ஒரு பாடவேறுபாட்டுக்காக நூலகம் நூலகமாக அலையும் மாணவருக்குத்தான். அவருடைய உழைப்புக்கும் அதே வசைதான் பரிசென்றால், அடுத்த முறை அவர் ஏன் அலைய வேண்டும்?

பதரைப் பதர் என்றே சொல்லுங்கள். விளைந்த வயலுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.