கூட்டேரிப்பட்டுக்குக் கட்டம் சரியில்லை!

எடிட்டருக்கு எத்தனை அலங்காரம் பண்றாங்கப்பா! 2021-ல விஎஸ் கோடு, அடைப்புக்குறிக்கெல்லாம் ஜோடி ஜோடியா கலர் அடிச்சுது. 2023-ல வந்த ஜூப்பிட்டர்லேப் 4, உள்ளே இருந்த எடிட்டரையே புதுசா மாத்திக்கிட்டுது. இப்போ நாம பாதி வரி அடிச்சா மீதியை ஏஐ அடிக்குது. ரொம்ப சந்தோஷம். ஆனா வரைகிற படம்?

ஒரு சின்ன சோதனை. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை. திண்டிவனம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து மயிலத்துக்குத் திரும்புகிற இடம்தான் கூட்டேரிப்பட்டு. பைத்தானில் மேட்பிளாட்லிப் 3.10-ஐ வைத்து இந்த மழையை வரைந்து, 'கூட்டேரிப்பட்டு வட்டார மழை' என்று தலைப்பு கொடுத்துப் பாருங்கள்.

வெறும் கட்டம் கட்டமாக வரும். அதோட வழக்கமான எழுத்துரு டெஜாவூ சான்ஸ். அதில் தமிழே கிடையாது. சரி, ஒரு தமிழ் எழுத்துருவைக் கொடுப்போம். இப்போ 'டே'யின் கொம்பு, 'ட'வைத் தாண்டிப் போய் 'ரி'க்கு முன்னாடி நிற்கும். 'கூ'வும் 'டு'வும் ஒட்டாமல் பிய்ந்து கிடக்கும். காரணம், எழுத்துகளைக் கோர்த்து உருவம் கொடுக்கிற வேலையை அது செய்வதில்லை.

வேடிக்கை என்னன்னா, அதே பேர் எடிட்டர் பெட்டிக்குள்ளே அம்சமா தெரியும். கோர்க்கிற வேலையை அங்கே பிரவுசர் பார்த்துக்குது. ஆக, கோடு எழுதுகிறவனுக்குப் பட்டுச்சட்டை, படம் பார்க்கிறவனுக்குக் கட்டம்!

"இலவசமா கிடைக்கிற மென்பொருள், தன்னார்வலர்கள் பாவம்யா" என்பீர்கள். அவர்களை நான் திட்டவே இல்லை. திட்டு நமக்குத்தான். திஸ்கியா யூனிகோடா என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாம். இன்றைக்கு வரைபடம் என்றதும் சத்தமே இல்லாமல் இங்கிலீஷில் லேபிள் போட்டுட்டு நகர்ந்து விடுகிறோம். கேட்காத பிள்ளைக்குப் பால் ஏது?

51 செ.மீ. மழையில் நனைந்த ஆள் தன் ஊர் பேரைத் தன் எழுத்தில் படிக்க முடியணும். அதுக்கப்புறம் அடைப்புக்குறிக்குக் கலர் அடிக்கலாம். மென்பொருள் முன்னேறிச்சான்னு எடிட்டரைப் பார்த்துச் சொல்லாதீங்க, படத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

டிஸ்கி: டி3 மாதிரி பிரவுசரிலேயே வரைகிற சமாச்சாரங்களில் தமிழ் ஒழுங்காக வரும். அவசரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கலாம். ஆனா கேட்கிறதை நிறுத்திடாதீங்க மக்கா!