எண்ணோடு கோணமும்

பக்கவாதம் வந்து சில வாரங்கள் கழிந்தபின் நோயாளியின் கைகால்களில் மெல்லத் தலைகாட்டும் தசை விறைப்பைக் கையால் உணர்வது நம் தொழிலில் நித்திய அனுபவமேயெனினும், அதனை அளந்து எழுதுவதில் நாம் காட்டும் அவசரம் நோயாளிக்கே பிரதிகூலமாக முடிகிறது என்பதை இவ்விதழில் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. கச்சிராயபாளையத்துக் கரும்புக் கொல்லைகளை ஒட்டிய தெருக்களிலும், மலையேறினால் வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், விறைப்பை அளப்பவர் ஒருவராகவும், மருந்தின் அளவை நிர்ணயிப்பவர் வேறொருவராகவும், அடுத்த முறை வருபவர் மூன்றாமவராகவும் இருக்கக்கூடும். இம்மூவருக்குமிடையே தூது செல்வது, பெரும்பாலும், அட்டையில் எழுதிய ஓர் எண்தான்.

அவ்வெண்ணின் பூர்வோத்தரம் அறியத்தக்கது. 1964-இல் ஆஷ்வொர்த் என்பவர் வேறொரு நரம்பு நோயில் ஒரு மருந்தின் பலனைச் சோதிக்க வகுத்த அளவுகோலில், 1987-இல் பொஹானனும் ஸ்மித்தும் '1+' என்ற படியைச் செருகினர்; அவ்விருவரும் பரிசோதித்தது முழங்கையை மடக்கும் தசைகளை மட்டுமே. நாமோ கணுக்கால் முதல் விரல்கள் வரை அதனையே பிரயோகிக்கிறோம். அந்த '1+'-ஐ ஒன்றரை என்று கொண்டு சராசரி காண்பாரும் உளர். படிவரிசையைக் கூட்டி வகுப்பதில் என்ன அர்த்தமோ, அவர்களுக்கே வெளிச்சம்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நீட்டும் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுவதே விறைப்பின் லட்சணம் என்று 1980-இல் லான்ஸ் வரையறுத்தார். ஆஷ்வொர்த் முறையிலோ வேகம் ஒன்றே. ஆகவே, நரம்பின் தூண்டுதலால் எழும் எதிர்ப்பையும், மாதக்கணக்கில் மடங்கியே கிடந்து தசை குறுகிப்போனதால் எழும் எதிர்ப்பையும் அது பிரித்துக் காட்டுவதில்லை. வேகமாகவும் மெதுவாகவும் நீட்டிப் பார்க்கும் டார்டியு முறை அவ்விரண்டையும் பிரிக்கிறது. ஒருவருக்கு, முழுதும் மடங்கிய முழங்கையை வேகமாக நீட்டுகையில் 60 பாகையில் கை 'வெட்டென்று' பிடிக்கிறது. மெதுவாக நீட்டினால் 130 பாகை வரை வருகிறது. இன்னொருவருக்கு அதே 60-இல் பிடித்து, மெதுவாக நீட்டியும் 70-க்கு மேல் வர மறுக்கிறது. இருவருக்கும் நாம் ஒரே எண்ணை எழுதியிருக்கக்கூடும். முன்னவருக்கு மருந்தால் பயன் உண்டாகலாம். பின்னவருக்குப் பேக்லோஃபெனைக் கூட்டினால் தூக்கமும் தளர்ச்சியுமே மிஞ்சும், அவருக்கு வேண்டுவது நெடுநேர நீட்டலும் சிம்பும்.

சந்தர்ப்பத்தையும் குறிக்க வேண்டும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் படுத்தவருக்கு இடுப்பு தானே மடங்கிவிடுவதால், தொடையின் பின்தசைகளில் நாம் உணர்வது வேறாகிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கவைப்பதே உத்தமம். ஆஷ்வொர்த் முறைப்படி ஒரு விநாடியில் நீட்ட, நிதானமாக 'ஆயிரத்தொன்று' என்று மனத்துக்குள் சொல்லும் நேரம் போதும். திரும்பத் திரும்ப நீட்டினால் தசை இளகிவிடுமாதலால், வீட்டார் பார்க்கட்டுமென்று ஐந்தாறு தடவை செய்துகாட்டிவிட்டுப் பிறகு அளப்பது வீண். மலையின் மார்கழிக் குளிர், நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப்புண் ஆகிய யாவும் விறைப்பைக் கூட்டும். 'காலைல கை கட்டையாட்டம் கெடக்குதுங்க, மத்தியானம் பரவால்ல' என்று மனைவி சொல்வதும் மாத்திரை தந்த நேரத்தோடு சேர்த்து எழுதத்தக்க தகவலே.

முழங்காலின் விறைப்பையே ஊன்றுகோலாகக் கொண்டு எழுந்து நின்று, கொல்லைப்புறம் வரை நடந்துவருபவர்களும் உண்டு. அவ்விறைப்பைத் தளர்த்தினால் அட்டையில் எண் குறையும், மனிதர் கட்டிலோடு கிடப்பார். ஆதலின் வேகமாக நீட்டுகையில் பிடிக்கும் கோணம், மெதுவாக நீட்டுகையில் எட்டும் கோணம், படுத்த நிலை, நேரம், அந்தக் கையாலோ காலாலோ அவர் செய்துகொள்ளும் காரியம் ஆகிய ஐந்தையும் எண்ணோடு சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். அட்டையில் கட்டம் இல்லையெனில் ஓரத்தில் எழுதலாம். கோணமானி எப்படியும் பையில் இருக்கிறது.