கயிலாய யாத்திரை கோயில் டூர் இல்லைங்க

1/ மானசரோவருக்குப் பணம் கட்டியிருக்கிறவங்களும், அறுபதாம் கல்யாணப் பரிசா அப்பா அம்மாவை அனுப்பப் போற பிள்ளைகளும் இதைக் கடைசி வரை படிங்க. டூர் நடத்துற சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2/ விளம்பரத்தில் இருப்பது: தென்னிந்தியச் சாப்பாடு, தமிழ் பேசும் கைடு. இல்லாதது: மானசரோவர் கரை சுமார் 4,590 மீட்டர் உயரம். பரிக்ரமாவில் தாண்ட வேண்டிய டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதாவது மூச்சுக்கு மூச்சு பாதி ஆக்சிஜன்தான்.

3/ உடம்பு இதுக்குப் பழகும், ஆனா நாள் வேணும். 3,000 மீட்டரைத் தாண்டினால், முந்தின ராத்திரி தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த ராத்திரி தூங்கக் கூடாது. மூணு நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. இது அடிப்படை விதி. இப்போ உங்க பயண அட்டவணையை எடுங்க. நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹெலிகாப்டரில் ஹில்சா, பஸ்ஸில் புராங், அப்புறம் மானசரோவர். எந்த ராத்திரி எத்தனை மீட்டரில் தூங்குறீங்கன்னு எழுதியிருக்கா?

4/ "டாக்டர், திருநீர்மலைப் படியை நிக்காம ஏறுறேன், ஒரு ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் மட்டும் போடுங்க." கீழ்க்கட்டளையில் எனக்குப் பழகிப்போன வசனம் இது. நல்ல உடற்தகுதி இருந்தாலும் உயர்மலை நோய் வரும். 25 வயது ஓட்டக்காரருக்கும் வரும். பரிசோதிக்காமலே கையெழுத்துப் போடும் மருத்துவர்களும் இந்தத் தவறில் கூட்டாளிகள்தான்.

5/ 1981 முதல் நம்ம வெளியுறவு அமைச்சகம் நடத்துற யாத்திரை இருக்கே (2020-இல் நின்று 2025-இல் மறுபடி தொடங்கியது), அதில் 70 வயது உச்சவரம்பு. டெல்லியில் மருத்துவப் பரிசோதனை. போகிற வழியில், உயரத்தில், இன்னொரு பரிசோதனை. தேறலைன்னா திரும்ப வேண்டியதுதான். அதே மலைக்குத் தனியார் வழியில் போனால் ஒரு கையெழுத்து போதும்னா, மலை மாறிடுச்சா?

6/ குறிச்சு வெச்சுக்கோங்க. தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் இருந்தால் அதுக்கு மேல் ஏறாதீங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோர்க்கலாம். நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினால், பேச்சு குழம்பினால், மூளை வீங்கலாம். இந்த ரெண்டுக்கும் நடு ராத்திரியா இருந்தாலும் கீழே இறக்கணும். கற்பூரத்தைத் துணியில் கட்டி மோந்தால் மூக்கு குளிரும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

7/ "அங்கே உயிர் போனால் மோட்சம்தானே?" உங்க நம்பிக்கையில் நான் கை வைக்கலை. ஆனா அதைச் சொல்ல யாத்ரீகருக்குத்தான் உரிமை. பணம் வாங்கிக்கிட்டு ஆபத்தை மறைத்தவர் அதைச் சொல்லக் கூடாது.

8/ "பாதியில் திரும்பினால் பாவம்" என்பவர்களுக்கு அப்பர் கதை ஞாபகம் இருக்கட்டும். கால் தேய்ந்து, தவழ்ந்து, உருண்டு போனவர் அவர். திரும்ப மாட்டேன்னுதான் அடம்பிடித்தார். பெரியபுராணம் சொல்றபடி சிவன் என்ன செய்தார்? மேலே ஏற்றலை. குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழுப்பி, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தார். இன்னிக்கும் ஆடி அமாவாசையில் ஊர் கூடி அதைக் கொண்டாடுது. அப்பருக்கே கொடுத்த சலுகையை நம்ம அம்மாவுக்குக் கொடுக்க ஒரு டூர் மேனேஜருக்கு மனசு வராதா?

9/ பணம் கட்டும் முன் கேளுங்க:
▪️ ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர் உயரம்?
▪️ குழுவில் மருத்துவர் உண்டா? ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை?
▪️ ஒருத்தருக்கு முடியலைன்னா அவரை யார், எந்த வண்டியில் கீழே இறக்குவாங்க? பாதியில் திரும்பினால் கூடுதல் பணமா?
▪️ வானிலை கெட்டால் கையில் எத்தனை நாள் இருக்கு? 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரீகர்கள் நேபாளத்தின் சிமிகோட், ஹில்சாவில் சிக்கிக்கிட்டாங்க.

10/ பதிலை எழுத்தில் வாங்குங்க. "எல்லாம் அவன் பார்த்துப்பான்"னு பதில் வந்தால் முன்பணம் கட்டாதீங்க. சர்க்கரை, பிபி, இதய நோய் உள்ளவங்க ரெண்டு மாசம் முன்னாடியே உங்க மருத்துவரைப் பாருங்க. உயர்மலை நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை உங்களுக்கு ஒத்துக்குமான்னு அவர்தான் சொல்லணும்.

போயிட்டு வாங்க. வாங்க என்பதுதான் முக்கியம்.

பொதுநல மருத்துவர், கீழ்க்கட்டளை