சிவப்பு டெலிபோனுக்குப் பக்கத்தில் நின்றது யார்?

1968 பிப்ரவரி 16. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்கிற சின்ன ஊர். போலீஸ் ஸ்டேஷனில் சிவப்பு டெலிபோன் அடிக்கிறது. 911 என்ற அவசர எண்ணுக்கு அந்த நாட்டில் வந்த முதல் அழைப்பு. எடுத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர். பக்கத்தில் நின்றது யார் தெரியுமா தோழர்களே? புல் கானர். 1963-இல் பர்மிங்காமில் கறுப்புப் பிள்ளைகள் மேல் நாயை ஏவியவன், தீயணைப்புக் குழாயால் அடிக்கச் சொன்னவன். போலீசு, தீயணைப்பு ரெண்டும் அன்றைக்கு அவன் ஒருத்தன் கையில்தான். ஆக, 'எல்லாச் சேவையும் ஒரே குடைக்கீழ்' என்பது அந்த மக்களுக்குப் புதுசு இல்லை.

அலபாமா, டென்னசி மாநிலங்களில் 1984-இல் சட்டம் போட்டு அவசரத் தொடர்பு வட்டங்களை உண்டாக்கினார்கள். டெலிபோன் பில்லோடு வசூலித்த கட்டணத்தில் ஓடியவை. லேண்ட்லைன் குறைந்தது, அந்த வருமானமும் படுத்தது. எல்லையோரத்தில் செல்போனில் கூப்பிட்டால் அடுத்த வட்டத்துக் கோபுரம் பிடித்துக்கொள்கிறது. இங்கே மாற்றிவிடுவதற்குள் உயிர் ஊசலாடுகிறது. வட்டங்களை இணைக்கலாம் என்று திட்டம் போடுவதில் நியாயம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

ஆனால் இணைப்பு என்றாலே எனக்கு வயிறு கலங்கும். நான் பேங்க் கிளார்க். ரெண்டு கிளையை ஒன்றாக்கியபோது மூடியது எதை? காலனிக்குப் பக்கத்தில் இருந்ததை. முதியோர் பென்ஷனுக்கு நடக்கிற கிழவிக்கு அரைநாள் போச்சு.

அங்கேயும் இது நடந்திருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரின் ஹில் பகுதிக் கறுப்பர்களுக்கு ஆம்புலன்ஸ் என்றால் போலீஸ் வண்டிதான். 1967-இல் வேலையில்லாத கறுப்பு இளைஞர்களைச் சேர்த்து 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் பிறந்தது. டாக்டர் பீட்டர் சஃபார் பயிற்சி தந்தார். நாட்டுக்கே முன்மாதிரி. 1975-இல், நகரம் முழுக்க ஒரே சேவை என்று சொல்லி நகர நிர்வாகம் அதை விழுங்கியது. அனுபவசாலிகளைத் தேர்வு வைத்தும் ஓரங்கட்டியும் வெளியே தள்ளினார்கள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நமக்கென்ன என்று கேட்காதீங்க. இங்கேயும் 100, 101, 108 எல்லாவற்றையும் 112-க்குள் கொண்டுவருகிற வேலை நடக்கிறது. எந்தத் திட்டத்தாளை யார் நீட்டினாலும் முதலில் வாரியத்தில் உட்காருவது யார், நியமிப்பது யார் என்று பாருங்க. மூடுகிற அறையின் ஆபரேட்டருக்குப் புது அறையில் அதே சீனியாரிட்டி உண்டா? வண்டி வந்துசேர இப்போது எத்தனை நிமிஷம், இணைத்தபிறகு எத்தனை? மாவட்டச் சராசரி வேண்டாம். ஊர்த்தெருவுக்குத் தனியாக, சேரிக்குத் தனியாக, எழுத்தில் கேளுங்க.