ஒட்டும் பசையும் ஒட்டாப் பிளாஸ்டிக்கும்

மூடுபனி பட்டிப்பொலைப் புகையிரத நிலையத்தை முற்றாக மறைத்திருந்த ஒரு மாலையில், மாணவனொருவன் ரிமோட் காரொன்றைத் துணிப்பையில் பொதிந்து என்னிடம் கொணர்ந்தான். மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்யும் அவன் தாயார் அனுப்பிய கார் அது. முன்சக்கரத்தைத் தாங்கும் கை இரண்டாக முறிந்திருந்தது. மூன்று முறை சுப்பர் குளூ வைத்தானாம். மூன்று முறையும் விட்டுப் போயிற்றாம். "பசை போலி, சேர்" என்றான். ஞாயிறன்று தாயார் தொலைபேசியில் காரை ஓட்டிக் காட்டச் சொல்வார் என்பதே அவன் கவலை.

பசை போலியன்று. பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஒரு பெருங் குடும்பத்தின் பெயர். 'எந்தப் பசை நல்லது?' என்று கடைக்காரரைக் கேட்குமுன், 'உடைந்தது எந்தப் பிளாஸ்டிக்?' என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. முறிந்த இடத்திலிருந்து ஒரு சிறு துணுக்கைச் சீவி, ஒரு குவளை நீரில் அமிழ்த்திவிடுங்கள். குமிழி ஒட்டியிராதபடி விரலால் தடவிவிட வேண்டும். மேலே மிதந்து வந்தால் அது பெரும்பாலும் பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன். சாப்பாட்டுப் பெட்டியும் போத்தல் மூடியும் இவ்வினமே. தொட்டால் மெழுகுபோல் வழுக்கும். சேம்பிலையில் நீர் பரவாது உருள்வதுபோல், பசை இவற்றின்மேல் பரவிப் பற்றுவதில்லை. இவற்றுக்கென அடிப்பூச்சுடன் கூடிய பசை உண்டு. ஆயினும் அஃது எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொருளன்று.

அமிழ்ந்தவற்றுள் பொலிஸ்டைரீனும் ஏபிஎஸ்ஸும் நமக்கு இணக்கமானவை. பொருத்தி அமைக்கும் விமான மாதிரிகள் பெரும்பாலும் முன்னதால் ஆனவை. 1963 முதல் லெகோ கட்டைகள் பின்னதால் ஆனவை. இவற்றுக்குரிய கரைப்பான் பசை இரு முகங்களையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. கரைப்பான் ஆவியானபின் எஞ்சுவது ஒரே துண்டு. இதை ஒட்டுதல் என்பதைவிட உருக்கிணைத்தல் என்பதே பொருந்தும். யன்னலைத் திறந்து வைத்தே செய்க. காரின் மேற்கூடாக வரும் கண்ணாடி போன்ற பொலிகாபனேற்றின் அருகில் மட்டும் இதனைக் கொண்டுசெல்லற்க, நுண்வெடிப்புகள் ஓடிவிடும். அதற்கு உட்புறம் துணிப்பட்டி வைத்து, காய்ந்தபின்னும் றப்பர்போல் வளையும் பசையைப் பூசுவதே தக்கது.

சுப்பர் குளூவின் பிறப்பு விந்தையானது. 1942இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் ஹரி கூவர் என்பார் துப்பாக்கிக் குறிகாட்டிக்கான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதென்று ஒதுக்கப்பட்ட பொருள் அது. 1958இல் அதுவே பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலுள்ள ஈரமே அதனை இறுகச் செய்வதால் நம்மூர் மூடுபனி அதற்கு உதவிதான். ஆனால் ஈரம் மிகுந்தால் வெண்படலம் படரும். சிந்தியதைப் பஞ்சால் துடைக்கலாகாது, சுடுமளவிற்குச் சூடேறும்.

ரெஜிபோம் விமானத்திற்கும் அது ஆகாது. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அயல்வீட்டுச் சிறுவனின் விமானச் சிறகில் பெரிய மனிதத் தோரணையுடன் நான் ஒரு சொட்டு விட, சிறகில் குழி விழுந்தது. அவன் அழவில்லை, என்னைப் பார்த்தான், அவ்வளவே. இரு குழாய்களிலிருந்து பிழிந்து கலக்கும் அரல்டைட் போன்ற எபொக்சிப் பசையை அன்று எடுத்திருக்க வேண்டும். ஆனால் ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள இக்குளிரில் எபொக்சி மெதுவாகவே இறுகும். உறையில் ஐந்து நிமிடம் என்றிருந்தாலும் இரவு முழுவதும் அசையாது விட்டுவிடுவதே நன்று.

மாணவனின் காருக்கு வருவோம். துணுக்கு மிதந்தது. "தம்பி, இதை ஒட்ட முடியாது, தைக்கத்தான் வேண்டும்" என்றேன். முறிவின் இருபுறமும் சூடான ஊசியால் துளைகளிட்டோம். பழைய சைக்கிள் கம்பித் துண்டொன்றை எலும்பு முறிவுக்குப் பத்தை வைப்பதுபோல் வைத்து, மெல்லிய செப்புக் கம்பியைத் துளைகளினூடே கோத்து இறுகச் சுற்றினோம். அதன்மேல் அரல்டைட் பூசினோம். அது பிளாஸ்டிக்கைப் பற்றாவிடினும் கம்பியைப் பற்றும். துளைக்குள்ளும் நிறைந்து பூட்டுப்போல் நிற்கும். அடுப்பங்கரையின் இளஞ்சூட்டில் ஓரிரவு இருந்தது.

ஞாயிறன்று லயத்து முற்றத்தில் கார் ஓடியதாம். செப்புக் கம்பி சுற்றிய பக்கம் தொலைபேசியில் தெரியாதவாறு ஒரே திசையில் ஓட்டினானாம். தாயார் கண்டுகொண்டாரா என்று நான் கேட்கவில்லை.